பாக்தாத்துக்குப் பதின்மூன்று கோட்டு

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் வக்கீல் கோட்டு தைக்க ஹபீபுர் ரஹ்மானை விட்டால் ஆள் கிடையாது. கோணல் தோளுக்குள் பஞ்சு வைத்து எந்த வக்கீலையும் நிமிர்ந்தவராகக் காட்டிவிடுவார். அந்த வித்தையை அவர் துணியோடு நிறுத்திக்கொள்ளவில்லை, அதுதான் சங்கதி.

மீர்சாகிப்பேட்டையில் பெண் கேட்டுப் போன அன்று பெண்ணின் தகப்பனார், உங்கள் முன்னோர் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள் என்று கேட்டார். அந்தக் காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் பல வீடுகளில் சர்பத்தே வராது. அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை பொகாரா வம்சம், அடுத்தவர் ஏமன் வம்சம். ஹபீபுர் ரஹ்மானின் பாட்டனாரோ வாலாஜாபேட்டையிலிருந்து மாட்டு வண்டியில் வந்தவர். வாய் என்னவோ பாக்தாத் என்று சொல்லிவிட்டது. ஜைதூன் பீயும் கிடைத்துவிட்டாள்.

பொய் சொல்வது லேசு, அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் பாடு. முப்பது வருஷத்தில் பாக்தாத் ஆற்றங்கரையில் ஒரு நீலக் கதவு வீடு முளைத்தது. அதில் தையற்காரர் யூசுப் என்று ஒரு பாட்டனார் குடியேறினார். அண்டை அயலாருக்கெல்லாம்கூடப் பெயர் கிடைத்தது. வாலாஜாபேட்டைப் பக்கம் மட்டும் நம்மவர் தலைவைத்துப் படுக்கவில்லை. அங்கே யாராவது அடையாளம் கண்டுகொண்டு தொலைத்தால்?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலாம் வருஷம் ஹஜ் பயணப் பேச்சு எழுந்தது. பம்பாயில் கப்பலேறி நேரே ஜித்தா என்பது அவர் திட்டம். ஜைதூன் பீயின் திட்டமே வேறு. பஸ்ராவில் இறங்கி, பாக்தாத்தில் புருஷன் வீட்டு ஜனத்தைப் பார்த்துவிட்டு, பாலைவன மோட்டாரில் டமாஸ்கஸ் போய், அப்புறம்தான் மக்கா.  நீலக் கதவே இல்லாத ஏதோ ஒரு தெருவில் முப்பது வருஷத்து மானம் கப்பலேறப் போகிறதே!

பாக்தாத்தில் வெயில் கொளுத்தும் என்றார். மயிலாப்பூரில் பனியா பெய்கிறது என்றாள். காலரா என்றார். ஊசி போட்டுக்கொள்ளலாம் என்றாள். பாலைவனத்தில் கொள்ளைக்காரர்கள் என்றார். ஆளுக்கொரு கோட்டு தைத்துக் கொடுத்துச் சமாதானம் பண்ணுங்கள் என்று மச்சினன் இனாயத் சிரித்தான்.

இனாயத் திருவல்லிக்கேணியில் பேரீச்சம்பழ வியாபாரி. அக்காள் சொன்னாள் என்று, தனக்குப் பழம் அனுப்பும் பஸ்ரா ஏஜெண்டு மூலமாக ஒரு கடிதம் விட்டான். விலாசம்: தையற்காரர் யூசுப் குடும்பத்தார், நீலக் கதவு வீடு, ஆற்றங்கரை, பாக்தாத். இதைக் கேட்டு ஹபீபுர் ரஹ்மானுக்கு உயிர் வந்தது. இல்லாத வீட்டுக்குப் போன கடிதம் திரும்பித்தானே வர வேண்டும்? எல்லாரும் பிளேக்கில் போய்விட்டார்கள் என்று இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் தீர்ந்தது.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. இனாயத் அரபி தெரிந்தவரிடம் படிக்கக் கேட்டு வந்து சொன்னான். யூசுபை நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். போன வருஷம்தான் கதவுக்குப் பச்சை அடித்தார்களாம். அண்ணன் எப்போது வருவார் என்று குழந்தை குட்டிகள்கூடக் காத்திருக்கிறார்களாம். வருகிறவர் தையற்காரராமே, குடும்பத்து ஆண்கள் பதின்மூன்று பேருக்கும் கோட்டு கொண்டுவரட்டும். அளவெல்லாம் கடிதத்தின் பின்பக்கத்தில்.

தன்னையும் மிஞ்சிய ஒரு புளுகன் உலகத்தில் இருப்பான் என்று ஹபீபுர் ரஹ்மான் எதிர்பார்க்கவே இல்லை. அன்று சாயங்காலமே மனைவியை உட்காரவைத்து உண்மையைக் கக்கிவிட்டார். பாக்தாத்தும் கிடையாது, யூசுபும் கிடையாது, பாட்டனார் ஊர் வாலாஜாபேட்டை.

ஜைதூன் பீ நம்பினால்தானே!

"பதிமூணு கோட்டு தைக்க கை வலிச்சா வலிக்கிதுன்னு சொல்லுங்க. அதுக்காவ சொந்தப் பாட்டனையே இல்லேன்னுவீங்களா?"

ஆணையிட்டுச் சொன்னார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரி, வாலாஜாவுல உங்க ஜனம் யாரு கீறாங்க? ஒரு பேரு சொல்லுங்க, பாக்கலாம்."

அவர் வாயைத் திறந்தார். பாட்டனாருக்கு ஒரு தம்பி உண்டு, அது தெரியும். அவர் பெயர்? பேரன் பேத்திகள் இருப்பார்கள். எத்தனை பேர்? யார் உயிரோடு இருக்கிறார்கள்? பாக்தாத்தில் ஒரு தெருவுக்கே பெயர் வைத்த மனுஷருக்குச் சொந்த ரத்தத்தில் ஒரே ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. இதற்கா முப்பது வருஷம் பாடுபட்டோம் என்று வெட்கமாக இருந்தது, துக்கமாகவும் இருந்தது.

அவர் கண் கலங்குவதைப் பார்த்து ஜைதூன் பீயின் கோபம் இறங்கிவிட்டது. பாக்தாத்தில் பிரிந்து கிடக்கும் சொந்தத்தை நினைத்துத்தான் அழுகிறார் என்று எண்ணி அவரைத் தேற்றினாள்.