வெறும் என்டர்

புனே பக்கம் போசரியில் ஒரு கம்பெனியில் சி.என்.சி. லேத் ஓட்டுகிறேன். ஒவ்வொரு பாகத்துக்கும் புரோகிராம் ஃபைல் ஃப்ளாப்பியில் வரும். பாகத்தின் நம்பரைக் கேட்டு, அந்தப் பெயரில் இருக்கும் பழைய ஃபைலை அழித்துவிட்டு, புதியதற்கு அதே பெயரை வைக்கும் பேட்ச் ஃபைல் ஒன்றை எங்கள் புரோகிராமர் செந்தில் எழுதியிருந்தார்.

அன்று காலை வழக்கமான ஷாஃப்டை மாட்டி ஸ்டார்ட் அழுத்தினேன். டூல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல், ஷாஃப்டைக் கவ்விச் சுழலும் சக்கில் போய் மோதியது. உடைந்த துண்டு கதவுக் கண்ணாடியைப் பிளந்து, என் காதைக் கிழித்துக்கொண்டு சுவரில் தைத்தது. ரத்தம் சொட்டச் சொட்டப் போய்ச் செந்திலின் சட்டையைப் பிடித்தேன்.

"புது பாகத்துக்கு நம்பர் கேட்டப்ப வெறும் என்டர் தட்டிட்டனுங்ணா. நம்பரை வச்சுக்கற வேரியபிள் காலியா இருக்கும்னு நெனச்சேன். முன்னாடி குடுத்த உங்க ஷாஃப்ட் நம்பரே உள்ள நின்னுருக்குதுங்க. உங்க ஃபைல் அழிஞ்சு, புது பாகத்தோட ஃபைல் அந்தப் பேர்ல ஏறிருச்சுங்க."

"கொஞ்சம் தள்ளி வந்திருந்தா என் மண்டைடா அது."

"சோடோ உஸ்கோ" என்று, அவனை விடச் சொல்லி இந்தியில் அதட்டிக்கொண்டே ஃபோர்மேன் வந்து பிரித்துவிட்டார்.

இப்போது நான் ஃபைலின் பெயரை நம்புவதில்லை. திறந்து, முதல் வரியில் இருக்கும் பாகத்தின் பெயரைப் படிக்கிறேன். பிறகு செந்திலைக் கூப்பிடுகிறேன். முதல் ஓட்டத்தின்போது கண்ணாடிக்கு முன்னால் நிற்பது அவர்தான். அதன்பின் அவர் வெறும் என்டர் தட்டியதே இல்லை.