மணப்பாட்டுக்கு ஒரு டிக்கெட்

போன வாரம் தனியாகக் கடல் பார்த்துவிட்டு வந்தேன்.

புதுக்கோட்டையிலிருந்து மதுரை. மதுரையிலிருந்து தூத்துக்குடி. அங்கே ஒரு நாள் ஊர் சுற்றல். மறுநாள் திருச்செந்தூர் வழியாக மணப்பாடு. கார் கிடையாது, துணை கிடையாது. எல்லாம் பஸ்தான்.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பயணத்தில் அதிகம் இல்லை. பிளான் போட்டதில்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் கார் இருக்கிறது. என் கணவர் நன்றாக ஓட்டுவார். பிரச்சினையே அதுதான். நன்றாக ஓட்டுகிறவர்களுக்கு நிறுத்தப் பிடிக்காது. கல்யாணமான நாளிலிருந்து ராமேஸ்வரம், வேளாங்கண்ணி, கன்னியாகுமரி, நம் மாவட்டத்து மணமேல்குடி என்று எத்தனையோ கடல் பார்த்தாச்சு. எப்படிப் பார்த்தேன் என்று கேளுங்கள். இறங்குவோம். சுண்டல் வாங்குவோம். போட்டோ எடுப்போம். நான் புடவையை லேசாகத் தூக்கிக் காலை நனைக்கப் போகும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வரும் — “கெளம்பலாமா?”

அவ்வளவுதான். புளியோதரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்துவிடுவேன்.

எனக்கு ஒரே ஒரு ஆசை. கடலுக்கு முன்னால் உட்கார வேண்டும். நானாக எழுந்திருக்கும்வரை யாரும் ‘கிளம்பலாமா’ என்று கேட்கக் கூடாது. ஐம்பத்தெட்டு வயதில் இது பேராசையா?

கணவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார்.

“டிரைவர் யாரையாவது சொல்லிவிடவா?”

“வேணாம். பஸ்ஸுல போறேன்.”

“அவ்வளவு தூரம் பஸ்ஸுலயா? இடுப்பு வலிக்கும்டி.”

“வலிக்கப்போறது என் இடுப்புதானேங்க.”

மனிதர் திரும்பப் பேப்பருக்குள் போய்விட்டார். அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

முதலில் போட்ட ரூட் வேறு. அறந்தாங்கி, பேராவூரணி, பட்டுக்கோட்டை, வேதாரண்யம். கிட்டத்தில் இருக்கிற கடல், அடிக்கடி பஸ். ஆனாலும் அடித்துவிட்டேன். காரணம் — அறந்தாங்கியில் பெரிய நாத்தனார். பேராவூரணியில் சம்பந்தி வீடு. பட்டுக்கோட்டையில் என் அத்தை மகன்.

எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சொந்தக்காரர் ஊர் வழியாகப் போனால் அவர்கள் வீட்டில் கால் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். கால் வைத்தால் காபி. காபி குடித்தால் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தால், “இந்நேரத்துக்கு மேல எங்கிட்டுப் போறீங்க? இருந்துட்டுக் காலையில போங்க.” கால் வைக்காமல் தாண்டினாலோ அடுத்த காதுகுத்துவரை காத்திருந்து, பந்தியில் சாம்பார் ஊற்றும்போது கேட்பார்கள். “எங்க ஊரத் தாண்டித்தான் போனீங்களாமே… வீடு தெரியலையோ?”

கூகுள் மேப்பில் டோல்கேட்டைத் தவிர்க்க வசதி இருக்கிறது. சொந்தக்காரர்களைத் தவிர்க்க இல்லை. நானே உட்கார்ந்து தேடியதில் தெற்கே ஒரு துண்டு நிலம் காலியாகக் கிடைத்தது. தூத்துக்குடி, திருச்செந்தூர், மணப்பாடு. எங்கள் ஆட்கள் யாரும் பெண் கொடுக்காத, பெண் எடுக்காத பகுதி. சந்தோஷத்தில் எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

கார் இல்லாமல் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்கிறேன். போகிற பஸ்ஸைக் கேட்பதற்கு முன்னால் திரும்பி வருகிற பஸ்ஸைக் கேளுங்கள். கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள், அதற்கு முந்தியதைக் குறித்துக்கொள்ளுங்கள். அது தெரிந்துவிட்டால் மனசு ராஜா மாதிரி இருக்கும். இன்னொன்று, ரூம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஜன்னலில் கடல் தெரிகிற ரூம் எல்லாம் கார்க்காரர்களுக்கு. நாம்தான் நேரிலேயே போய்ப் பார்க்கப் போகிறோமே.

எல்லாம் சரியாகத்தான் போனது — என் கணவர் பெருமை தாங்காமல் எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் லாட்ஜ் பேர்வரை விஷயத்தைப் போடும்வரை.

முதல் போன் பொன்னமராவதியிலிருந்து. சின்ன நாத்தனார் மல்லிகா.

“அண்ணி, அண்ணனுக்கும் ஒங்களுக்கும் எதுவும் சண்டையா?”

“இல்லையே.”

“அப்புறம் என்னத்துக்குத் தனியாப் போறீங்க?”

“கடல் பாக்க.”

“கடலு எங்கிட்டு ஓடிறப்போவுது? பொங்கலுக்கு எல்லாருமா வேன் எடுத்துட்டுப் போவோம்.”

“வேன்ல வந்தா கடல எங்க பாக்குறது மல்லிகா? ஒங்க எல்லாரையும்தான் பாத்துக்கிட்டு இருக்கணும்.”

வாய்தான் எனக்கு எதிரி. அவள் போனை வைத்துவிட்டாள். கோபம் என்று நினைத்தேன். கோபம் இல்லை, வேலையில் இறங்கிவிட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது.

எங்கள் வீட்டுப் பக்கம் திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறியதிலிருந்து தூத்துக்குடியில் இறங்கும்வரை ஒரு குறையும் இல்லை. எல்லா பஸ்ஸிலும் ஜன்னல் சீட். தூத்துக்குடியில் கால் போன போக்கில் நடந்தேன். பனிமய மாதா கோயிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஒரு பாக்கெட் மக்ரூன் வாங்கி, ஒருத்தருக்கும் கொடுக்காமல் முழுசாக நானே தின்றேன். பாக்கெட் காலியானபோது வெட்கமெல்லாம் வரவில்லை.

மறுநாள் காலை. குளித்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மணப்பாடு கிளம்பக் கீழே வந்தால், லாட்ஜ் வாசலில் வெள்ளைக் கார். பக்கத்தில் ஒரு பையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

“அத்தை, தெரியலையா? கார்த்தி. செல்வி வீட்டுக்காரரு.”

செல்வி என் சித்தி மகளின் மகள். ஆவுடையார்கோவிலில் கட்டிக்கொடுத்தோம். இந்தப் பிள்ளைக்குத் தூத்துக்குடிக்கு டிரான்ஸ்பர் ஆகி, ஜாகை மாறி வந்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியாது.

“மல்லிகா அத்தைதான் போன் போட்டு லாட்ஜ் பேரு சொன்னாங்க. புதுக் காரு அத்தை, வாங்கி ஒரு மாசம்கூட ஆகல. மணப்பாடு, குலசை, உவரி எல்லாத்தையும் ஒரே ரவுண்டுல முடிச்சிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துறலாம். செல்வி மீன் கொழம்பு வைக்கிறா.”

ஒரே ரவுண்டு. மூன்று கடல். என் காதில் ‘கெளம்பலாமா’ மூன்று தடவை கேட்டுவிட்டது.

மறுக்க முடியுமா? புதுக் கார் வாங்கிய மாப்பிள்ளையின் காரில் ஏறாமல் பஸ்ஸில் போனால், அது செய்தி இல்லை. தீர்ப்பு. ‘அத்தைக்கு நம்ம காரு பிடிக்கல’ என்று அந்தப் பிள்ளைக்கு மனசு நொந்துவிடும். ஏறினாலோ, இத்தனை நாள் பிளான் போட்டுத் தேடிய கடல், கண்ணாடி வழியாகப் பின்னால் ஓடிவிடும். பஸ்ஸுக்கு நேரம் வேறு ஆகிக்கொண்டிருந்தது.

ஏறினேன்.

‘மொதல்ல வீட்டுக்கு விடுங்க மாப்பிள்ளை’ என்று சொல்லி அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். புது ஊரில் பேச ஆளில்லாத பிள்ளை. இட்லி சாப்பிட்டேன். காபி குடித்தேன். ஊர்க் கதை பேசினேன். அவள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினேன். எழுந்து கை கழுவிவிட்டுச் சொன்னேன்.

“மாப்பிள்ளை, வீட்டுக்கு வந்தாச்சு, சாப்பிட்டாச்சு. மொறை முடிஞ்சிருச்சு. இப்ப என்னைப் பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுங்க.”

அவர் முகம் வெளிறிவிட்டது. “அத்தை, ஊருல என்னையத்தான் திட்டுவாங்க. காரை வச்சுக்கிட்டு பஸ் ஏத்தி விட்டான்னு.”

“திட்ட மாட்டாங்க. வாங்க, காருகிட்ட நிப்போம். செல்வி, ஒரு போட்டோ எடு.”

முன் சீட்டுக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான். பக்கத்தில் மாப்பிள்ளை. அங்கேயே நின்று குரூப்பில் போட்டேன். ‘மாப்பிள்ளை காரில் மணப்பாடு பயணம் ஆரம்பம்.’

பொய் இல்லை பாருங்கள். ஆரம்பம் காரில்தானே?

குரூப்பில் கை கூப்பல்களும் பூக்களுமாக வந்து விழுந்தன. மாப்பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டு, திருச்செந்தூர் பஸ்ஸில் அவரே ஏறி எனக்கு ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தார். தங்கமான பிள்ளை.

திருச்செந்தூரில் ஒரே ஒரு சொந்தம் உண்டு, முருகன். திரும்பும்போது வருகிறேன் என்று கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறினேன். நல்லவேளை, அவர் குரூப்பில் இல்லை.

மணப்பாட்டில் மேட்டின் மேல் தேவாலயம். கீழே கடல். காற்று சும்மா ஆளைத் தள்ளுகிறது. படகுகளைத் தாண்டி, மணலில் துண்டை விரித்து உட்கார்ந்தேன்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். கொஞ்ச நேரம் ஆனதும் நானே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். எழுந்து நாலு எட்டு வைத்த பிறகுதான் உறைத்தது… யார் கூப்பிட்டார்கள்? ஒருத்தரும் கூப்பிடவில்லை. உடம்பு அப்படிப் பழகியிருக்கிறது. எனக்கு என்மேலேயே பரிதாபமாக இருந்தது. திரும்பி வந்து, துண்டை மறுபடி விரித்து, இன்னும் வசதியாக உட்கார்ந்தேன்.

என்ன யோசித்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அலை வந்தது. போனது. நான் இருந்தேன். ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன். கடைசியில் பசித்தது, எழுந்தேன். கடைசிக்கு முந்தின பஸ்ஸுக்கே நேரம் இருந்தது.

ஊருக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை மல்லிகா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஹாலில் அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தவள், நான் காபி போடுகிற இடத்துக்கு வந்து கதவை லேசாகச் சாத்தினாள்.

“கார்ல போனீங்கன்னு எல்லாரும் நம்பிட்டாங்க அண்ணி. நான் நம்பல.”

“ஏன்?”

“கார்ல போயிட்டு வந்தா ஒருநாளும் நீங்க இப்புடிச் சிரிச்ச மூஞ்சியா இருந்ததில்ல.”

நான் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

“எந்த பஸ்ஸு, எங்க எறங்கணும், எங்க தங்கணும்… எல்லாத்தையும் எனக்கு ஒழுங்காச் சொல்லுங்க. நானும் போகணும்.”

எனக்கு ஒரே குஷி. “அதுக்கென்ன மல்லிகா, அடுத்த மாசமே போவோம். நானும் வாரேன்.”

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

“இல்ல அண்ணி… நான் தனியாப் போறேன்.”

என்னைக் கூப்பிடவில்லையே என்று எனக்குச் சுருக்கென்றது. இருக்காதா பின்னே, சொந்தமாயிற்றே.