வெறுந்துவக்கின் சத்தம்

துவக்குக்குப் பயந்து கனடாவுக்கு ஓடிவந்த சனம் நாங்கள், இங்கே வந்து நீ துவக்கு வாங்கப்போகிறாயா என்று தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில் என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. எல்லோருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். ஓம், வாங்கத்தான் போகிறேன். பயந்து ஓடியது போதும் என்றுதான் வாங்கப்போகிறேன்.

ஆசையைக் கிளப்பிவிட்டவள் என்னோடு வேலைசெய்த ஒரு கனடாக்காரி. மார்க்கம் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பெட்டி அடைத்தோம். நகரத்துக்குக் கிழக்கே அவளுடைய அண்ணனுக்கு ஒரு பண்ணை இருந்தது. ஒவ்வொரு நவம்பரும் அங்கே மான் வேட்டைக்குப் போவாள். ஒருமுறை இறைச்சியில் ஒரு துண்டு எனக்கும் தந்தாள். நான் அதை எங்கள் தூள் போட்டுப் பிரட்டிக் கறியாக்கி அவளுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்கையும் கண்ணையும் துடைத்துக்கொண்டு முழுவதையும் சாப்பிட்டாள். பிறகு, "அடுத்த வருசம் நீயும் வா. ஆனால் துவக்கு உன்னுடையதாக இருக்கவேண்டும், என்னுடையதை நான் யாருக்கும் கொடுப்பதில்லை" என்றாள்.

அந்தப் பகுதியில் சாதாரண ரைஃபிளால் மான் சுட அனுமதி இல்லை. சொட்கன் கொண்டுபோகலாம். அல்லது வாய்ப்பக்கத்தால் வெடிமருந்தும் குண்டும் போட்டு, கோலால் இடித்து இறக்குகிற பழைய பாணித் துவக்குக் கொண்டுபோகலாம். அதற்கு இங்கே மஸில்லோடர் என்று பெயர். வன்னியில் இடியன் என்பார்கள். சொட்கனை முன்னும் பின்னும் இழுக்கும் அந்தச் சத்தம் எங்கள் வீட்டுக்குச் சரிவராது என்று எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வந்து கடைசியில் இடியனிலா வந்து நிற்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

முதலில் பாதுகாப்பு வகுப்புக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே பெண் நான் ஒருத்திதான். வாசலில் நின்ற மாஸ்டர் என்னைப் பார்த்ததும், கேக் ஐசிங் வகுப்பு அடுத்த அறையில் என்று கைகாட்டினார். கேக் எனக்கு ஏற்கெனவே செய்யத் தெரியும் என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் போய் இருந்தேன். சோதனையில் பாஸ் பண்ணியபோது அவரே கைகுலுக்கினார், நானும் பெரிய மனதோடு குலுக்கினேன்.

வோபர்னில் நாங்கள் இருந்த அப்பார்ட்மெண்டில் செய்தி என்னை முந்திக்கொண்டு போய்விட்டது. எட்டாம் மாடி அன்ரி லிஃப்டுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டா.

"பிள்ளை, உது பொம்பிளையளின்ரை வேலையோ?"

"மான் அதைப் பாக்கிறேல்லை அன்ரி."

"விசர்க்கதை கதையாதை."

எட்டாம் மாடியில் கதவு திறந்தது. இறங்கினவ திரும்பி, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு குரலைத் தணித்தா. "மான் கிடைச்சா வத்தல் போடுவியோ?"

உப்புப் போட்டுக் காயவைத்த மான் இறைச்சி என்றால் எங்கள் சனத்துக்கு உயிர். வேட்டைதான் கூடாது.

ஊர்வாயை என்னால் சமாளிக்க முடிந்தது. என் மனிசனைத்தான் முடியவில்லை. "துவக்கு இந்த வீட்டுக்குள்ளை வந்தா நான் வெளியிலை" என்றார். கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அவர் சோற்றைக் குழைத்தபடி, தலை நிமிராமல் சொன்னார்.

ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டு, கையைத் தூக்கியபடி வெயிலில் நிற்கவைக்கப்பட்டவர் அவர். ஒரு ஆமிக்காரன் அவருடைய நெஞ்சுக்கு நேரே துவக்கை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். "அதுக்குள்ளை குண்டு இருந்துதோ இல்லையோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது" என்று கலியாணமான புதிதில் சொன்னார். பிறகு அந்தக் கதையை எடுத்ததே இல்லை. அவரை இழக்க நான் தயாரில்லை. துவக்கை விடவும் தயாரில்லை. அந்த ஆமிக்காரன் அங்கே எங்களிடமிருந்து பறித்தது காணாதா, ஸ்காபரோவுக்கும் வந்து என்னுடைய நவம்பரையும் பறிக்கவேண்டுமா? எனக்கு வந்த ஆத்திரம் முழுவதும் அவன்மீதுதான்.

சும்மா பார்க்கத்தான் என்று நான் விடாமல் கேட்டதில், ஒரு சனிக்கிழமை துவக்குக் கடைக்குப் போனோம். எனக்குக் கார் ஓடத் தெரியாது, அதனால் அவர் கொண்டுபோய் விட்டார். காருக்குள்ளேயே இருப்பேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கடைக்காரன் முதலில் எடுத்துவைத்தது புது மாதிரி. கறுப்புப் பிளாஸ்டிக் பிடி, மேலே தொலைநோக்கி. பார்த்தால் ஊரில் ஆமிக்காரரின் காவல் சென்றியில் நின்ற துவக்கின் சொந்தத் தம்பி. இப்போது எல்லோரும் இதைத்தான் வாங்குகிறார்கள் என்றான். விலையும் எனக்குக் கட்டாது, அதைவிட அதன் முகம் கட்டாது. அடுத்தது கல்லில் பொறிதட்டி வெடிப்பது. விலை பரவாயில்லை, ஆனால் மழைத்தூறலில் பொறி பிடிக்காமல் காலைவாரும் என்று வேலைத்தோழி எச்சரித்திருந்தாள். சுவரில் மூன்றாவதாக ஒன்று தொங்கியது. யாரோ பாவித்து விற்றது. மரப்பிடி, அதில் நீளமாக ஒரு கீறல், பக்கத்தில் அடித்து வெடிக்கவைக்கும் பெரிய சுத்தியல். கீறலுக்காகவே விலை பாதி. கீறலைப் பார்த்து மான் என்ன சொல்லப்போகிறது என்று நினைத்து அதை எடுக்கச் சொன்னேன்.

அவன் அதைக் கழற்றிக்கொண்டு திரும்பினான். காருக்குள் குளிர் தாங்காமல் என் மனிசன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததும் அந்த நேரம்தான். குழல்வாய் ஒரு கணம் வாசல் பக்கம் திரும்பியது. அவருடைய இரண்டு கைகளும் தலைக்கு மேலே போய்விட்டன.

கடைக்காரன் சிரித்தான். "பயப்படாதீர்கள், சுடமாட்டேன்" என்றான்.

"அது பகிடியில்லை. அதைக் கீழே வை" என்றேன். என் இங்கிலீஷ் அதற்கு முன்பு அவ்வளவு நேராக வந்ததில்லை. அவனுடைய சிரிப்பு நின்றுவிட்டது. துவக்கை மேசையில் வைத்து மன்னிப்புக் கேட்டான். உள்ளே ஒன்றுமில்லை என்றான்.

"அது உனக்குத் தெரியும். அவருக்கு எப்படித் தெரியும்?"

அவன் குழலை மேல்நோக்கி நிமிர்த்திப் பிடித்து, இடிக்கிற இரும்புக் கோலை என்னிடம் நீட்டினான். குழலின் வாயில் விட்டுப் பார்க்கச் சொன்னான். மணிபோல ஒலித்தால் வெறுந்துவக்கு, மந்தமாகக் கேட்டால் உள்ளே மருந்து இருக்கிறது என்றான். நான் கோலை என் மனிசனிடம் கொடுத்தேன்.

"நீங்களே போட்டுப் பாருங்கோ."

"உமக்கென்ன விசரோ?"

"போடுங்கோ."

கோலை விட்டார். உள்ளே வழுக்கிக்கொண்டு போய் அடியில் பட்டு, கிணுங் என்றது. எடுத்தார், மறுபடியும் விட்டார். அதன்பிறகுதான் துவக்கை நிமிர்ந்து பார்த்தார்.

"உது எங்கடை இடியனெல்லோ" என்றார். கொஞ்சம் யோசித்து, "அந்தக் கோலையும் சேத்துத் தருவானோ எண்டு கேளும்."

குழலுக்குள் டோர்ச் அடித்துத் துரு இல்லை என்று பார்த்தேன். சுத்தியலைப் பாதி இழுத்து, விசையை அழுத்தியும் விழவில்லை என்று பார்த்தேன். மருந்து அளக்கும் குவளையையும் ஒரு பெட்டி குண்டையும் சும்மா தரச்சொன்னேன். அன்றைக்கு அவன் இல்லையென்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை.

நவம்பரில் மான் கிடைத்தது. எட்டாம் மாடி அன்ரிக்கு வத்தலும் கிடைத்தது, அதற்குப் பிறகு லிஃப்டுக்குள் என்னைப் பற்றி ஒரு பேச்சில்லை. துவக்கு படுக்கையறை அலுமாரிக்குள் பூட்டோடு இருந்தது, மருந்து வேறிடத்தில். அலுமாரிப் பூட்டின் திறப்பை நான் என் மனிசனிடம் கொடுத்துவிட்டேன். அவர் வெளியில் போகவில்லை. வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, தேத்தண்ணி கேட்கும் முன் அலுமாரியைத் திறப்பார். கிணுங் என்று கேட்கும். பூட்டுவார்.

நீங்கள்தானே நேற்றும் பூட்டிவைத்தீர்கள், மருந்தும் வேறிடத்தில் இருக்கிறது, என்னத்துக்கு ஒவ்வொரு நாளும் பார்க்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"உதிட்டைக் கேட்டா மறுமொழி சொல்லுது" என்றார். "அண்டைக்கு அந்த ஆமிக்காரனிட்டைக் கேக்க ஏலாமப் போச்சு."