மூன்று கூடைக் கனவு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

நானும் அண்ணனும் பேக்கரி நடத்தினோம். விடியுமுன் அடுப்பு மூட்டினால் காலை பத்துக்கு வேலை முடியும். பிறகு மாடியறையில் மூன்று மணி வரை தூக்கம். ஊர் விழித்திருக்கும்போது கனவு காண்கிற பிழைப்பு எங்களுடையது.

அண்ணன் பைபிளைக் கரைத்துக் குடித்தவர். நான் முதல் பக்கத்தைத் தாண்டியதில்லை. வீட்டில் யார் கனவு கண்டாலும் அவரிடம்தான் சொல்லவேண்டும். நீல நோட்டில் எழுதி, வாசித்துக் காட்டி, "உன் கனவுதானே?" என்று கேட்பார். ஆமா என்றால்தான் அர்த்தம் சொல்வார். யார் தன் கனவு என்று ஒப்புக்கொள்கிறாரோ அவருக்கே பலன் சேருமாம். அப்பா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவர். அவர் பேச்சுக்கு எனக்கு மறுபேச்சு இல்லை.

அந்தத் திங்கட்கிழமை... மதியம் 1.10. தகரக் கூரையில் டக்... டக்... என்று சத்தம். விழித்தேன். கட்டிலருகே அண்ணன். கையில் நோட்டு.

என்ன கனவு கண்டாய் என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன்.

"கண்டிருக்க. தலையில மூணு கூடை ரொட்டி. மேல் கூடையில பறவைங்க கொத்தித் தின்னுது. உன் கனவுதானே?"

தூக்கக் கலக்கம். மறந்திருப்பேன் என்று நினைத்தேன்.

"ஆமாண்ணே."

அவர் கண் கலங்கியது. பாசம் என்று நினைத்துக்கொண்டேன், மடையன். அர்த்தம் கேட்டதற்கு, நல்லதுதான், தூங்கு என்றார்.

செவ்வாய். 1.10. சத்தம் அறைக்குள் வந்துவிட்டது. கீழே ஓடிப்போய்ப் பார்த்தேன். மேல்தட்டு ரொட்டிகள் எல்லாம் கொத்திக் குதறிக் கிடந்தன. மற்ற தட்டுகளில் ஒரு கீறல்கூட இல்லை. ஜன்னல்களில் கம்பிவலை. எலிதான் என்றார் அண்ணன், திரும்பிப் பார்க்காமலே. எந்த எலி மேல்தட்டாகப் பார்த்து ஏறும்?

அன்று மாலை பைபிளைப் புரட்டினேன். தேட ஒரு மணி நேரம் ஆனது. சிறையில் ஒரு ரொட்டிக்காரன் அதே கனவைக் காண்கிறான். மூன்று கூடை என்றால் மூன்று நாள். மூன்றாம் நாள் அவனைக் கொன்று தொங்கவிடுகிறார்கள். பறவைகள் அவன் சதையைத் தின்கின்றன.

அண்ணனைத் தேடினேன். அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். என்னிடம் சொல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகாத மனிதர்.

புதன். தூங்கவே கூடாது என்று கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

1.10.

உடம்பு அசையவில்லை.

தலையில் பாரம்... நகங்கள்...

டக்.

நெற்றியில் ஈரம் வழிந்தது.

அப்போதுதான் உறைத்தது. நான் காணாத கனவு அவருக்கு எப்படித் தெரியும்? கண்டவன் அண்ணனேதான். இனி அவனுக்கு என்ன 'அவர்' மரியாதை!

"என் கனவு இல்ல... அண்ணனோடது."

பாரம் இறங்கியது. சிறகடிக்கும் சத்தம் படியிறங்கித் தெருப்பக்கம் போனது. மணி 1.14.

1.40க்கு அக்கா போனில் அழுதாள். சாப்பிட உட்கார்ந்த அண்ணன் அப்படியே சரிந்து உயிரை விட்டுவிட்டானாம். தலை முழுக்கச் சின்னச் சின்னப் புண்கள். டாக்டருக்கும் ஒன்றும் புரியவில்லை.

என்னை வளர்த்தவனை நான் காட்டிக்கொடுத்தேன். அந்த உறுத்தல் இருந்தது. நீல நோட்டைத் திறக்கும்வரை இருந்தது.

பதினாறு வருடத்துக்கு முந்தைய பக்கம். அதே மூன்று கூடை. மேலே "நான்" என்று எழுதி அடித்திருந்தான். பக்கத்தில் "அப்பா". கீழே ஒரு வரி: "ஆமா என்றார்."

அப்பா அடுப்பின் முன்னால் சுருண்டு விழுந்தது அதிலிருந்து மூன்றாம் நாள். அன்று என்னைக் கட்டிக்கொண்டு எல்லாரையும்விட அதிகமாக அழுதவன் அண்ணன்தான்.