ராணி, ஆறு, நாலு

லண்டனில் தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனுக்கு அருகே ஒரு தேநீர்க் கடை. ஜன்னலோர மேசையில் ஜெசிந்தா சீட்டுக் கலைக்கிறாள். என் நண்பனின் தங்கை. காசினோ ஒன்றில் சீட்டுப் போடும் வேலை. ஷிப்டுக்குக் கிளம்ப இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது. மூன்று சீட்டு போக்கர் சொல்லித்தரச் சொன்னது நான்தான். பந்தயம், என் தட்டிலிருக்கும் இரண்டு மட்டன் ரோல்.

முதல் ரோலை வைக்கிறேன். ஆளுக்கு மூன்று சீட்டு விழுகிறது. இனி நான் இரண்டாவது ரோலையும் வைக்கலாம். இல்லையென்றால் முதல் ரோலை இழந்து விலகலாம்.

“ராணி, ஆறு, நாலு. அதுக்குக் குறைஞ்சா விட்டிடுங்கோ அண்ணை. இவ்வளவுதான் கணக்கு.”

எனக்கு வந்திருப்பது ராணி, ஐந்து, மூன்று.

“ராணி இருக்காளேம்மா, எப்படி விடறது?”

“எல்லாரும் இதைத்தான் சொல்லுறவை.”

இரண்டாவது ரோலையும் வைக்கிறேன். அவளிடம் இரண்டு ஏழு; ஜோடிக்கு முன்னால் தனி ராணி தோற்றுவிடுவாள். சிரிக்காமல் இரண்டு ரோலையும் தன் பக்கம் இழுத்துச் சாப்பிட்டு முடிக்கிறாள். எழுந்ததும் கைகளைத் தட்டி, உள்ளங்கைகளை விரித்து, கூரையை நோக்கிக் காட்டுகிறாள்.

“என்னம்மா அது?”

“ஐயோ, பழக்கம் அண்ணை! காசினோவில மேசையை விட்டு எழும்பினா, ஒண்டும் எடுக்கேல்லை எண்டு கமராவுக்குக் கை காட்டோணும்.”

கை காலிதான். உதட்டோரத்தில் மட்டும் என் ரோலின் தூள்.