வெள்ளிக்கிழமைத் தூக்கம்

இந்த ஞாயிறு காலை மகளின் கேன்வாஸ் ஷூவை வாஷிங் மெஷினில் போட்டதும், அது உள்ளே தடக் தடக்கென்று உருண்ட சத்தத்தில், ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த, இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட தோல் கம்பெனி நினைவுக்கு வந்தது. அப்பா வேலை செய்த அந்தக் கம்பெனியில் ஈரத்தோல்களை உருட்டும் மர டிரம்கள் ஆறு நாளும் எங்கள் சுவரை அதிரவைக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. என் பள்ளிக்கூடத்துக்கோ ஞாயிறுதான் லீவு.

அப்பாவோடு ஒருநாள் முழுக்க இருக்க ஆசைப்பட்டு, ஒரு வெள்ளிக்கிழமை வயிற்றுவலி என்று பொய் சொன்னேன். கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவார் என்று பார்த்தால், அவருக்கு லீவு என்றாலே தூக்கம்தான். அதுவும் வராமல் புரண்டுகொண்டிருந்தார்.

"டிரம் சத்தம் இல்லாம ஒரே பேஜாரா கீதும்மா."

தகரப்பெட்டியை விரல் முட்டியால் தடக் தடக்கென்று தட்டினேன். அவர் தூங்கிப்போனார். நான் கை வலிக்கும்வரை நிறுத்தவில்லை. அதைவிட நல்ல லீவு எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

இப்போது எல்லா நாளும் லீவான அப்பா, மெஷினுக்குப் பக்கத்து நாற்காலியில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். "டிவி கேக்கவே இல்லம்மா" என்று மகள் மெஷினை நிறுத்தினாள்.

அப்பா திடுக்கிட்டு விழித்து என்னைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையா?"