வெட்டுண்ட திருச்சிற்றம்பலம்

சென்ற செவ்வாய்க்கிழமை, நான் பாடிய பத்துப் பதிகங்களின் ஒலிப்பதிவு கைக்கு வந்தது. தொண்டையில் சத்திரசிகிச்சைக்கு முன் பாடி வைத்தவை. குரல் பழையபடி திரும்புமென்று உறுதி தர முடியாது என வைத்தியர் சொல்லியிருந்தார். திரும்பவில்லை. இன்று நான் பேசினாலே சருகு மிதிபடும் ஓசைதான்.

மனைவியோடு அமர்ந்து கேட்டேன். முதற் பதிகம் முடிந்ததும் அவர் நிமிர்ந்தார்.

"என்னப்பா, திருச்சிற்றம்பலத்தைக் காணேல்லை?"

பத்திலும் இல்லை. முன்னும் பின்னும் அதைச் சொல்லாமல் நான் பதிகம் பாடியதே கிடையாது. அன்றும் சொன்னேன். எங்கே போயிற்று?

பதிவு செய்தவர் அடெவாலே. நைஜீரியாவின் யொருபா இனத்தவர். லாகோஸில் பாடகராக இரண்டு ரெக்கார்டுகள் வெளியிட்டவர். கனடாவின் மொன்றியலுக்கு வந்து, பகலில் மருத்துவமனையில் கட்டில் தள்ளி, மாலையில் பிறர் பாட்டுகளைப் பதிவு செய்து, இன்று முழுநேரத் தயாரிப்பாளர். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் கட்டடத்து பேஸ்மென்டில்தான் அவரது ஸ்டூடியோ. என்னை 'பாபா' என்பார்; அவர் மொழியில் அப்பா.

படியிறங்கினேன்.

"அதுவா, பாபா? மைக் டெஸ்ட் என்றல்லவா நினைத்தேன். தொடங்க முன் ஒரு தரம், முடிந்ததும் ஒரு தரம், பத்துப் பாட்டுக்கும் ஒரே சொல். சுத்தமாக வெட்டிவிட்டேன்."

"அது இறைவன் ஆடும் இடத்தின் பெயர், அடெவாலே. இனி அதை இந்தக் குரலில்தான் சொல்ல வேண்டும்."

அவர் முகம் மாறியது. கணினியில் எதையோ தேடினார். ஹெட்போனை என் காதில் மாட்டினார்.

திருச்சிற்றம்பலம் — என் பழைய குரல்... முழுமையாக.



"என் முதல் ரெக்கார்டின் தொடக்கத்தில் முன்னோருக்கு வணக்கம் பாடியிருந்தேன்" என்றார் அவர். "ரேடியோவுக்கு நீளம் என்று கம்பெனிக்காரர் வெட்டினார்கள். டேப்பையும் எறிந்துவிட்டார்கள். வணக்கம் எங்கே என்று அம்மா கடைசி வரைக்கும் கேட்டார். அதனால் நான் வெட்டுவேன், பாபா. எறிய மாட்டேன்."

ஒரு கலைஞரை அவர் வெளியிட்டவற்றைக் கொண்டே மதிப்பிடுகிறோம். எறியாமல் வைத்திருப்பவற்றை யார் பார்க்கிறார்கள்?

மேலே வந்ததும் மனைவி கேட்டார்: "கிடைச்சுதே?"

"ஓம். இருபதும் கிடைச்சுது."

அந்த இருபது துண்டுகளும் இருந்த ஃபோல்டருக்கு அடெவாலே இட்டிருந்த பெயர், 'பாபா — மைக் டெஸ்ட்'. மாற்றச் சொல்லவில்லை. அங்கே ஆடுகிறவனுக்குக் கேட்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே இத்தனை வருடமும் பாடியிருக்கிறேன்.